பிரேக் பிடிக்கும் திருப்பத்தில் இருக்கை எடுங்கள்

பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓசூரில் வேலை பார்க்கிறேன். 2026 அக்டோபரில் சிங்கப்பூர் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு நானும் ஒரு நண்பனும் போகலாம் என்றிருக்கிறோம். சனிக்கிழமை காலையில் கிளம்பி திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட முடியுமா? எந்த டிக்கெட் எடுக்கலாம்? அப்பாவும் வருகிறேன் என்கிறார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், 61 வயது, முட்டி வலி உண்டு. அவரை அழைத்துப் போகலாமா?"

தம்பி, அப்பாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அந்தப் பந்தயத்தை உங்கள் மூன்று பேரில் நன்றாகப் புரிந்துகொண்டு பார்க்கப்போகிறவர் அவராகத்தான் இருப்பார். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் சனிக்கிழமை கிளம்பி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும் கணக்கை இப்போதே விட்டுவிடுங்கள். நான் அப்படிக் கணக்குப் போட்டு ஒரு முறை ஏமாந்தவன்.

நான் கிருஷ்ணகிரிக்காரன். ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் இருபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறேன். சிங்கப்பூர் பந்தயத்துக்கு 2018இல் முதல் முறை போனேன். லீவு ஒரு நாள் மிச்சமாகட்டும் என்று ஞாயிறு நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத் திரும்பும் விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தேன். பந்தயம் அங்கே இரவு எட்டு மணிக்கு மேல் தொடங்குகிறது, ஒன்பதே முக்கால் பத்துக்கு முடிந்துவிடும், அதற்கப்புறம் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்பதரை மணிக்கே வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. எழுந்துவிட்டேன். வெளியே வர வழி தேடி, தடுப்புகளைச் சுற்றி நடந்து, ரயில் ஏறி, தானா மேரா நிலையத்தில் விமான நிலைய வண்டிக்கு மாறும்போது மொபைலைப் பார்த்தேன். ஹாமில்டன் ஜெயித்திருந்தார். அத்தனை தூரம் போய், கொடி விழுந்ததை நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

அன்றாவது பந்தயம் நேரத்துக்கு நடந்தது. 2022இல் மழை கொட்டி, தொடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். நேர வரம்பு முடிந்துவிட்டதால் 61 சுற்றில் 59தான் ஓடினார்கள். அந்த வருஷம் என்னைப் போல விமானம் போட்டிருந்தவர்கள் பாதிப் பந்தயத்தைக்கூடப் பார்த்திருக்க முடியாது. ஆகவே திரும்பும் விமானம் திங்கட்கிழமை பகலிலோ மாலையிலோ இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போங்கள்.

போகும் நாளும் வியாழக்கிழமை இரவாக இருக்கட்டும். பந்தய வாரக்கடைசி 2026இல் அக்டோபர் 9, 10, 11, அதாவது வெள்ளி, சனி, ஞாயிறு. இந்த முறை சிங்கப்பூரில் முதல் தடவையாக ஸ்பிரிண்ட் என்ற குட்டிப் பந்தயத்தையும் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பயிற்சி, அதையடுத்து ஸ்பிரிண்டுக்கான தகுதிச் சுற்று, அதாவது யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் ஓட்டம். சனிக்கிழமை சுமார் 100 கி.மீ. ஓடும் ஸ்பிரிண்ட், பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று. ஞாயிறு முழுப் பந்தயம், 62 சுற்று. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை வெறும் பயிற்சிதான், தவறினாலும் பரவாயில்லை என்று சொல்வார்கள். இந்த வருஷம் மூன்று நாளும் ஏதோ ஒன்றுக்காக நிஜமாகவே மோதுகிறார்கள். சனிக்கிழமை காலையில் கிளம்பினால் சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, பறப்பதற்கு நாலரை மணி நேரம், விமான நிலையத்துக்கு நம் ஊரிலிருந்து போக மூன்று மணி நேரம். எல்லாம் கூட்டிப் பாருங்கள், சனிக்கிழமை ஸ்பிரிண்ட் உங்கள் கையைவிட்டுப் போயிருக்கும்.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடித்து, இரவு விமானத்தில் ஏறி, வெள்ளி விடியலில் இறங்கினால் வெள்ளி, திங்கள் இரண்டு நாள் லீவுதான் செலவு. அதற்கு அடுத்த வாரக்கடைசி தாண்டியதும் ஆயுத பூஜை வந்துவிடும். ஓசூரில் அந்த நேரத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்கே தெரியும். இப்போதே சொல்லி வையுங்கள்.

இருக்கைக்கு வருகிறேன். இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள், மற்றதில் உங்கள் விருப்பம்.

மெரினா பே தடம் என்பது தனியாகக் கட்டிய மைதானம் இல்லை. ஊருக்குள் பேருந்து ஓடும் தெருக்கள்தான். மற்ற நாளில் ஆண்டர்சன் பாலத்தில் நீங்கள் நடந்தே போகலாம், 1910இல் கட்டிய இரும்புப் பாலம். பந்தய நாளில் அதன் இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர், மேலே கம்பி வலை, நடுவில் கார்கள். 2023இல் தடத்தைச் சற்று மாற்றினார்கள், இப்போது ஒரு சுற்று சுமார் 4.9 கி.மீ., 19 திருப்பங்கள். எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் கண்ணுக்கு அகப்படுவது அதில் ஒரு துண்டுதான். வீட்டில் டிவியில் முழுப் பந்தயத்தையும் பார்த்துவிடலாம், அங்கே முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் "ஒன்றும் புரியவில்லை, விர்ர் என்று போய்விட்டது" என்று சொல்லித் திரும்புகிறார்கள். நேர்ச் சாலை ஓரம் உட்கார்ந்தால் அப்படித்தான் தெரியும். ஒரு கோடு வரும், ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

அதனால் கார் வேகம் குறைக்கும் இடத்தில் உட்காருங்கள். ஓட்டுநர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது பிரேக் பிடிக்கும் இடத்தில்தான். ஒருவர் முன்னதாகப் பிடிப்பார், இன்னொருவர் பத்தடி தள்ளிப் பிடிப்பார். அந்தப் பத்தடியில்தான் முந்துவதும், முந்தப் பார்த்துச் சுவரில் உரசுவதும் நடக்கும். சிங்கப்பூரில் இதற்கு இரண்டு நல்ல இடம் உண்டு. ஒன்று, ராஃபிள்ஸ் பொலிவார்டின் முடிவில் வரும் ஏழாவது திருப்பம், மெமோரியல் கார்னர் என்பார்கள். நீண்ட நேர்ச்சாலையில் முந்நூறைத் தாண்டி வந்து அங்கே சட்டென்று அடக்க வேண்டும். இன்னொன்று, எஸ்பிளனேட் பாலம் தாண்டியதும் வரும் பதினான்காவது திருப்பம். அதன் ஓரத்தில் இருக்கும் இருக்கை வரிசைக்குக் கனாட் கிராண்ட்ஸ்டாண்ட் என்று பெயர். உங்கள் அப்பாவுக்காக நான் தேர்ந்தெடுப்பது அதைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் அப்பா தர்மபுரிப் பக்கம் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் என்றால், தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை எத்தனை நூறு தடவை இறக்கியிருப்பார்! சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் கீழ் கியரில் எஞ்சினைப் பிடித்து இறக்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே போகக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மிதித்துக்கொண்டே போனால் டிரம் சூடேறி விரியும், லைனர் கருகும் வாடை அடிக்கும், கடைசியில் பெடல் மட்டும் கீழே போகும், வண்டி நிற்காது. அந்தச் சரிவில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று அவர் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் வேலை, அந்தச் சூடு எங்கே போகும் என்பதுதான் கேள்வி என்பதைக் காலால் கற்றவர் அவர்.

பந்தயக் காரிலும் அதே கேள்விதான். அங்கே டிரம் இல்லை, கார்பன் தகடு. கடுமையாகப் பிடிக்கும்போது 1000 டிகிரி வரைக்கும் சூடேறும். காற்று போய்க் குளிர்விக்க முன் சக்கரத் தகடு ஒன்றின் விளிம்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு தகட்டில் ஒழுங்காகத் துளை போடப் படும் பாட்டை நினைத்தால் எனக்கு அதுவே பெரிய அதிசயம். ஆனால் குளிர்விக்கக் காற்று வேண்டும், காற்றுக்கு நீளமான நேர்ச்சாலை வேண்டும். சிங்கப்பூரில் திருப்பத்துக்குப் பின் திருப்பம். ஆறுவதற்குள் அடுத்த மிதி. பிரேக்கைப் பிழிந்தெடுக்கும் தடங்களில் அது ஒன்று என்று பேர் வாங்கியதற்கு அதுதான் காரணம். இரவாக இருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. கார் உங்களை நோக்கி வந்து அடங்கும்போது முன் சக்கரத்துக்குள்ளே பாருங்கள். கொல்லன் உலையில் துருத்தி ஊதும்போது இரும்பு சிவக்குமே, அந்த நிறத்தில் ஒரு வட்டம் ஒரு நொடி தெரியலாம். பிறகு அணைந்துவிடும். டிவியில் எப்போதாவது காட்டுவார்கள். நேரில் பார்ப்பது வேறு.

2026இல் அப்பாவிடம் சொல்ல இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த வருஷம் கார்களையே மாற்றியிருக்கிறார்கள். எடையும் நீளமும் குறைந்திருக்கிறது. மின்மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350க்கு ஏறியிருக்கிறது, மொத்த விசையில் ஏறக்குறையப் பாதி பேட்டரியிலிருந்து வருகிறது. அந்தப் பேட்டரி பெரும்பாலும் நிரம்புவது வேகம் குறைக்கும்போதுதான். தொப்பூரில் அவர் லாரி காற்றில் விட்ட சூடு திரும்பி வந்ததில்லை. இங்கே அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, அடுத்த நேர்ச்சாலையில் முன்னாலிருப்பவரை முந்தப் பயன்படுத்துகிறார்கள். ஆக, பிரேக் பிடிக்கும் இடத்தில் இப்போது இரண்டு வேலை நடக்கிறது. அவரிடம் இதைச் சொல்லிவிட்டு உட்கார வையுங்கள், அப்புறம் அவரே உங்களுக்குச் சொல்லித் தருவார்.

2023இல் நான் உட்கார்ந்திருந்தது அந்தக் கனாட் வரிசையில்தான். அந்த வருஷம் ரெட் புல் அணி எல்லாப் பந்தயத்தையும் அள்ளிக்கொண்டிருந்தது, வெர்ஸ்டாப்பன் தொடர்ந்து பத்துப் பந்தயம் ஜெயித்துவிட்டு வந்திருந்தார். சிங்கப்பூரில் மட்டும் அவர்களுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. முன்னால் ஃபெராரியில் சைன்ஸ், அவர் பின்னால் மெக்லாரனில் நாரிஸ், அவர்களைத் துரத்தியபடி புது டயரோடு ரஸலும் ஹாமில்டனும், இரண்டு மெர்சிடிஸ். சைன்ஸ் நினைத்திருந்தால் நாரிஸை விட்டுக் கொஞ்சம் விலகி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஒரு நொடி இடைவெளிக்குள் நாரிஸை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். முன் காருக்கு ஒரு நொடிக்குள் இருப்பவர் பின் இறக்கையைத் திறந்து கூடுதல் வேகம் எடுக்கலாம் என்பது அன்றைய விதி. அந்த வேகம் நாரிஸுக்குக் கிடைத்தால் அவர் மெர்சிடிஸ் இரண்டையும் பின்னாலேயே நிறுத்தி வைப்பார், தனக்கும் ஆபத்து வராது என்று கணக்குப் போட்டிருக்கிறார். எதிரியையே வேலியாக நட்டுக்கொண்ட சாமர்த்தியம்! எங்கள் திருப்பத்துக்கு ஒவ்வொரு சுற்றும் நான்கு கார்களும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி வந்து அடங்கின. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கடைசிச் சுற்று. சைன்ஸ் வந்தார், நாரிஸ் வந்தார், ஒரு மெர்சிடிஸ் வந்தது. நான்காவது கார் வரவில்லை. வந்த மெர்சிடிஸ் யாருடையது, எது போனது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி எதிரே இருந்த பெரிய திரையைப் பார்த்தோம். ரஸல் பத்தாவது திருப்பத்தில் சுவரில் மோதிக் கிடந்தார். நாங்கள் இருந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர்தான், கண்ணுக்குத் தெரியவில்லை. சைன்ஸ், நாரிஸ், ஹாமில்டன் என்று முடிந்தது. அந்த வருஷம் ரெட் புல் ஜெயிக்காத ஒரே பந்தயம் அதுதான்.

இதனால்தான் சொல்கிறேன், இருக்கை எடுக்கும்போது பெரிய திரை கண்ணில் படுமா என்று இருக்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இயன்றவரை மேல் வரிசையாக எடுங்கள். கீழ் வரிசையில் கம்பி வலை குறுக்கே நிற்கும், பாதி நேரம் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்பாவுக்கு முட்டி வலி என்பதால் படி ஓரத்து இருக்கையாக அமைந்தால் நல்லது, அடிக்கடி எழுந்து காலை நீட்டிக்கொள்ளலாம்.

இருக்கை இல்லாத வாக்-அபவுட் டிக்கெட் விலை குறைவு. நீங்களும் நண்பனும் மட்டும் என்றால் தயங்காமல் அதைச் சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை முழுக்க நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் பத்து நிமிஷம் நின்று பார்ப்பது தனி அனுபவம். ஆனால் வேலியோரம் நல்ல இடம் வேண்டுமென்றால் மணிக்கணக்காக முன்னாலேயே போய் நின்று பிடிக்க வேண்டும், உட்கார்ந்தால் இடம் போய்விடும். அப்பாவின் முட்டி அதைத் தாங்காது. இன்னொன்று, தடத்தைச் சுற்றியுள்ள இடத்தை மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். விலை குறைந்த வாக்-அபவுட் பெரும்பாலும் நான்காவது மண்டலத்துக்குள் மட்டும் செல்லும். மற்ற மண்டலங்களுக்கும் போகும் வகை தனி, விலையும் அதிகம். எந்த மண்டலம் என்று டிக்கெட்டில் வாசித்துவிட்டு வாங்குங்கள். படாங் மைதானத்தில் இரவு நடக்கும் பாட்டுக் கச்சேரிகள் டிக்கெட்டிலேயே அடக்கம். படாங் இருப்பதும் நான்காவது மண்டலத்தில்தான், கனாட் வரிசை இருப்பதும் அதே மண்டலம்.

டிக்கெட்டைப் பந்தயம் நடத்துகிறவர்களின் இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். முன்கூட்டி வாங்குகிறவர்களுக்கு விலைச் சலுகை தருவார்கள். தன் டிக்கெட்டைக் கைமாற்றித் தருகிறேன் என்று வருகிறவர்களை நம்பாதீர்கள்.

சரி, தங்குவது. பந்தய வாரத்தில் மெரினா பே பக்கம் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும். அங்கே ஜன்னலிலிருந்து தடம் தெரியும் என்று ஆசைப்பட்டுச் செலவழிக்க வேண்டாம். அறையில் மிச்சம் பிடித்து இருக்கையில் போடுங்கள் என்பேன். தேக்கா (லிட்டில் இந்தியா என்பதும் அதுதான்), ஃபேரர் பார்க், லாவண்டர் பக்கம் சின்ன ஓட்டல்கள் கிடைக்கும். லாவண்டரிலிருந்து பச்சைப் பாதை ரயிலில் பூகிஸ், அடுத்து சிட்டி ஹால், இரண்டே நிறுத்தம். விமான நிலையத்திலிருந்தும் தானா மேராவில் மாறி அதே பாதையில் நேராக லாவண்டர் வந்துவிடலாம். தேக்காவில் நம் சாப்பாடு, நம் பேச்சு, நம் கோயில் எல்லாம் உண்டு. அப்பாவுக்கு மொழிப் பயமே இருக்காது. தமிழ் அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, ரயில் நிலையத்திலேயே தமிழில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள். அங்கே டாலரை வெள்ளி என்பார்கள். ஒரு வெள்ளிக்கு எழுபது ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பந்தயம் இரவில் என்பதால் பகல் முழுவதும் உங்களுடையது. ஆனால் பகலில் ஊர் சுற்றி அப்பாவைக் களைக்க வைக்காதீர்கள். ஃபார்முலா 1 அணிகளே அந்த வாரம் ஐரோப்பிய நேரத்திலேயே இருப்பார்கள், விடியற்காலையில் தூங்கி மதியம் எழுவார்கள். நீங்களும் முற்பகலில் தூங்கி, மூன்று நான்கு மணிக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே சாப்பாடும் தண்ணீரும் விலை அதிகம். காலி பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும். அந்த ஊரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

வெக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து வெயில் காய்ந்த வெயில், நிழலில் ஒதுங்கினால் ஆறிவிடும். அது புழுக்கம். இரவு எட்டு மணிக்கும் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும், வேர்வை காயாது. ஓசூர்க் குளிரில் பழகியவர்களுக்கு முதல் நாள் மூச்சு முட்டும். காருக்குள் இருப்பவர்களே ஒரு பந்தயத்தில் இரண்டு மூன்று கிலோ எடை இழக்கிறார்கள். 2025இல் அங்கேதான் முதல் முறையாக வெப்ப அபாயம் என்று அறிவித்து, குளிர்விக்கும் உள்சட்டைக்கான கருவியைக் கார்களில் பொருத்தச் சொன்னார்கள். அப்பாவுக்குப் பருத்திச் சட்டை, ஒரு துண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். மழையும் திடீரென்று கொட்டும். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். காதுக்கு அடைப்பான் மறக்கக் கூடாது.

காகித வேலையில் முதல் வேலை அப்பாவின் பாஸ்போர்ட். இருக்கிறதா, பயணத் தேதியிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி ஆகிறதா என்று இன்று மாலையே பாருங்கள். இல்லையென்றால் மற்ற எதையும் தொடாமல் முதலில் அதை எடுங்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இனிஷியல் ஒரு தொல்லை. ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் விமான டிக்கெட், விசா எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் அதே மாதிரி போடுங்கள்.

நமக்கு விசா தேவை, அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 30 வெள்ளி, முகவர் கூலி தனி. விசா மறுத்தால் அந்தக் கட்டணம் திரும்பாது. விசா வந்த பிறகும் ஒரு வேலை உண்டு. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதிர்ப்பட்டால் அது போலி, மூடிவிடுங்கள்.

அப்பா வெற்றிலை புகையிலை போடும் பழக்கம் உள்ளவர் என்றால் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். மெல்லும் புகையிலை எதுவும் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை. சூயிங் கம்மும் கூடாது. சிகரெட்டுக்கு ஒன்றுக்குக்கூட வரிவிலக்கு கிடையாது. வீட்டில் அம்மா ஏதாவது மசாலாப் பொடி அரைத்துக் கட்டிக் கொடுத்தால் அதில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள், கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். பல காலம் சட்டைப் பையில் இருந்த பொட்டலம் அவருக்கே நினைவில் இருக்காது. பெங்களூருவில் விமானம் ஏறும் முன் நீங்கள்தான் பைகளைத் தடவிப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுத்துப் போனால் மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

விமான நிலையத்துக்கு நீங்கள் கிருஷ்ணகிரி சுற்றி வர வேண்டாம். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் வந்து, அத்திப்பள்ளி தாண்டியதும் சில்க் போர்டு நெரிசலில் போய் மாட்டாமல் சர்ஜாபூர், ஒசகோட்டை, தேவனஹள்ளி என்று வெளிப்பக்கமாகப் போகலாம். வியாழக்கிழமை மாலை பெங்களூருவுக்குள் நுழைந்தால் எப்போது வெளியே வருவோம் என்று யாரும் சொல்ல முடியாது. பெங்களூருவில் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் திருச்சியையும் பாருங்கள், அங்கிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம், நாமக்கல் வழியாகத் திருச்சி அப்படி ஒன்றும் தூரமில்லை.

ஞாயிறு இரவு கொடி விழுந்ததும் எல்லோரும் ரயிலுக்கு முண்டியடிப்பார்கள். நீங்கள் அசையாதீர்கள். பந்தயம் முடிந்தபின் பார்வையாளர்களைத் தடத்தில் இறங்கி நடக்க விடுவது அங்கே வழக்கம். 2023இல் நான் அப்படித்தான் இறங்கினேன். தார் இன்னும் சூடாக இருந்தது. ஓரமெல்லாம் டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் உருண்டைகள், புளியங்கொட்டை அளவுக்கு, சில மாங்கொட்டை நார் மாதிரி நீளமாக. செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு நடக்கவே விடவில்லை. ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினேன், இளகிய மெழுகு மாதிரி இருந்தது. அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, இப்போது கல்லாகக் காய்ந்துவிட்டது. பதினான்காவது திருப்பத்தில் அப்பாவை நிறுத்திக் காட்டுங்கள், டயர் பூட்டிக்கொண்டு இழுத்த கருப்புக் கோடுகள் தரையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். எது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலே யார் தாமதமாகப் பிடித்தார் என்று அவர் சொல்லிவிடுவார்.

கடைசியாக ஒரு யோசனை. இவ்வளவு பணம் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், நம் கிருஷ்ணகிரியைத் தொட்டுப் போகும் அதே சென்னை நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது தடம், கிருஷ்ணகிரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. முதலில் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தினார்கள். சோழவரம் பந்தயம் என்றால் அப்பாவுக்கே நினைவிருக்கலாம். 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தார்கள், 3.7 கி.மீ. தடம். 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அங்கேதான். தேசிய கார், பைக் பந்தயங்கள் வருஷா வருஷம் நடக்கின்றன. ஓசூரில் நம் கண் முன்னால் உருவாகும் அப்பாச்சி பைக்குகள் அங்கே வரிசை கட்டி ஓடுவதைப் பார்ப்பது தனி சந்தோஷம். அந்தக் கார்கள் ஃபார்முலா 1 வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது, உண்மைதான். ஆனால் அப்பா எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, சத்தம் தலையை வலிக்கிறதா, படி ஏறி இறங்குகிறாரா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். நேர்ச்சாலை ஓரம் பத்து நிமிஷம், திருப்பத்தின் ஓரம் பத்து நிமிஷம் நில்லுங்கள். நான் இருக்கையைப் பற்றி இவ்வளவு நீளமாக ஏன் சொன்னேன் என்று அங்கேயே புரியும்.

அடுத்த தேசியச் சுற்றின் தேதி வந்ததும் சொல்லுங்கள், நானும் வருகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரி சென்னை ரோடு மேம்பாலத்துக்குக் கீழே நிற்கிறேன், என்னை ஏற்றிக்கொள்ளுங்கள். முன் சீட்டில் அப்பா உட்காரட்டும்.